பேரோட சேத்துச் சொல்லுங்க

முந்தாநாள் சாயங்காலம் வேலைவிட்டு வந்து கதவைத் திறந்தால், வீடு முழுக்க மஞ்சள் காகிதம். ஓரத்தில் பசை தடவி, ஒட்டி ஒட்டி எடுக்கிற மாதிரி விற்கிறார்களே, அந்தக் காகிதம். டிவி ரிமோட்டில் ஒன்று, தண்ணீர் பாட்டிலில் ஒன்று, என் தையல் டப்பாவில் ஒன்று. எல்லாம் நான்காவது படிக்கும் என் மகளின் திருப்பணி. பள்ளியில் ஆங்கில இலக்கணத்தில் உடைமைப் பெயர்கள் நடத்துகிறார்கள். வீட்டில் எந்தப் பொருள் யாருடையது என்று எழுதி ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். அன்று அவளுக்கு விடுமுறை. எதிர் ஃபிளாட் அக்காவின் மேற்பார்வையில் காலையிலேயே ஆரம்பித்துவிட்டிருக்கிறாள்.

ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்துக்கொண்டே போனேன். குளியலறை அலமாரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் கணவரின் சீப்பில் ஒரு காகிதம். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒன்று. ஓடாமல் கிடக்கும் பழைய கைக்கடிகாரத்தில் ஒன்று. ‘அப்பா’ என்று எழுதியிருந்தால் பரவாயில்லை. மிஸ்தான் பெயரோடு எழுதச் சொன்னாராம். கணவர் பெயர், அதன் தலைக்கு மேல் ஒரு கொக்கி, பக்கத்தில் ஒரு எஸ், அப்புறம் சீப்பு. மூன்றையும் பிய்த்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். போட்ட பிறகும் மனசு ஆறாமல், கூடையிலிருந்து எடுத்துப் பொடிப்பொடியாகக் கிழித்தேன். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும்தான் கேட்டுக்கொள்கிறேன்.

மகளுக்குக் கோபமான கோபம். இன்னும் போட்டோகூட எடுக்கவில்லையாம். அவளைச் சமாதானப்படுத்திவிட்டு அந்தச் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் பின்னாலேயே வார்னிஷ் வாசனையும் வந்துவிடும். எங்கள் வீட்டில் வார்னிஷ் கிடையாது. அது பூந்தமல்லியில், டிரங்க் ரோட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டி வார்னிஷ் பூசுகிற ஒரு கடைக்கு மேலே இருந்த மாடியில் இருக்கிறது. அந்த மாடியும் இப்போது கிடையாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. முடித்த சூடு ஆறவில்லை. ஆவடியிலிருந்து பஸ் பிடித்து அந்த மாடிக்குப் போய் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பேன். நடத்தியவர் தன்னைப் பிரின்சிபால் என்று சொல்லிக்கொள்வார். மொத்தமே ஒரு அறை, ஒரு கரும்பலகை, பத்து பிளாஸ்டிக் நாற்காலி. அவர் பிரின்சிபால் என்றால் நான் குறைந்தபட்சம் துணைவேந்தராவது ஆகியிருக்க வேண்டும். அப்படித்தான் நடந்தும்கொண்டேன். உலகத்தையே திருத்திவிடலாம் என்ற நினைப்பு. அதற்கு என்னிடம் சிக்கியது மத்தியானம் இரண்டரை மணி பேட்ச். அத்தனை பேரும் குடும்பப் பெண்கள்.

அந்த மாடிக்கு ஏறப் பின்பக்கம் ஒரு இரும்புப் படி. வெல்டிங் விட்டுப்போய், யார் ஏறினாலும் டங் டங்கென்று அறை முழுக்கக் கேட்கும். கேட்டே ஆளைச் சொல்லிவிடுவோம். பிரின்சிபால் வந்தால் இரண்டு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவார். ஜைத்தூன் அக்கா வந்தால் படியோடு கொலுசும் சேர்ந்து வரும். ஜைத்தூன் அக்காவின் வீட்டுக்காரருக்குப் பழைய இரும்பு வியாபாரம். மூடின பட்டறைகளில் கிடக்கிறதை மொத்தமாக விலைபேசி லாரியில் ஏற்றுவார். வகுப்பில் எல்லோரையும் சிரிக்கவைப்பது அக்காதான். பிள்ளைகளின் பள்ளியில் மிஸ் பேசுவது புரியவில்லை, தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது, அதனால்தான் வந்தேன் என்று முதல் நாளே சொன்னவர்.

தேவகி வந்தால் மட்டும் சத்தமே கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நிற்பார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பையைப் பக்கத்து நாற்காலியில் வைப்பார். கூட்டமான நாளில் யாராவது அந்த நாற்காலியைக் கேட்டால், ஆள் வருவதாகச் சொல்வார். யாரும் வந்ததில்லை.

அவர் ஏன் வந்தார் என்பதை ஜைத்தூன் அக்காதான் எனக்குத் தனியாகச் சொன்னார். தேவகியின் கணவர் ஆவடி ரோட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தெருவில் படித்த பையன் ஒருவனிடம் கொடுத்துக் கேட்டதற்கு, உங்க வீட்டுக்காரர் வேலையை விட்டு ஓடிட்டாருன்னு போட்டிருக்கு என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து தெருவில் ஆளுக்கொரு கதை. கதை என்றால் எல்லாவற்றிலும் ஒரு பொம்பளை உண்டு. தேவகி அந்தக் கடிதத்தைத் தானே படிக்கவேண்டும், அதற்குத் தானே ஆங்கிலத்தில் பதில் எழுதவேண்டும் என்று வந்திருந்தார். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

நானே ஒரு நாள் கேட்டேன், பதிலில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று.

"ஓடிப்போகலன்னு எழுதணும் டீச்சர். உள்ளதான் கீறாரு."

உள்ளே என்றால் எங்கே என்று கேட்டேன். பட்டறையில் என்றார். அப்புறம் நிதானமாக விளக்கினார். அந்தப் பட்டறை வாசலில் ஒரு மரப்பலகை. ஒரு பாதி ‘வெளியே’, மறு பாதி ‘உள்ளே’. இரண்டு பக்கமும் நம்பர் போட்ட ஆணிகள். ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் குத்தின ஒரு பித்தளை டோக்கன். காலையில் வெளியே பக்கத்திலிருந்து கழற்றி உள்ளே பக்கம் மாட்டுவார்கள். சாயங்காலம் திருப்பி மாட்டுவார்கள். வாட்ச்மேன் பலகையைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார். அன்றைக்குச் சாயங்காலம் எல்லா டோக்கனும் வெளியே வந்துவிட்டன, ஒன்றைத் தவிர.

பட்டறை முழுக்கத் தேடினார்கள். ஆள் இல்லை. பின்சுவர் ஏறிக் குதித்து டீ குடிக்கப் போவது அங்கே சகஜம். அப்படியே போய்விட்டான் என்று முடிவுகட்டினார்கள். ஆனால் டோக்கன் மட்டும் உள்ளே பக்கத்திலேயே தொங்கியது. யாரும் எடுக்கவில்லை. அந்தப் பட்டறையில் ஒருத்தர் டோக்கனை இன்னொருத்தர் தொடமாட்டார்கள். தொட்டால் தொட்டவன் விரல் போகும் என்று ஒரு நம்பிக்கை. மிஷினோடு மல்லுக்கட்டுகிறவர்கள், விரல் விஷயத்தில் விளையாட மாட்டார்கள். இரண்டு வருஷம் அது அப்படியே தொங்கியது. தேவகி மாதம் ஒருமுறை கேட் வரைக்கும் போய், வெளியே நின்றபடியே பலகையைப் பார்த்துவிட்டு வருவாராம். பார்த்தால் ஒரு தெம்பு.

எனக்கு அன்று தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். பாவம், ஆள் ஓடித்தான் போயிருக்கிறான், இந்த அம்மா ஒரு பித்தளை வில்லையைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்றுதான் நினைத்தேன். இந்த மயக்கத்திலிருந்து அவரை விடுவிக்கவேண்டியது என் கடமை என்றும் நினைத்தேன். துணைவேந்தர் அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் உடைமைப் பெயர்கள் வந்தன. இப்போது என் மகளுக்கு மஞ்சள் காகிதம். அன்றைக்கு நான் கண்டுபிடித்தது மேசை விளையாட்டு. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து மேசைமேல் வைக்கவேண்டும். நான் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ஹூஸ் இஸ் திஸ்?" என்று கேட்பேன். யாருது இது? இன்னொருத்தர் பெயரோடு சேர்த்துச் சொல்லவேண்டும். ஜைத்தூன்ஸ் சிஸர்ஸ். தேவகீஸ் பேக். சரியாகச் சொன்னால் சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொள்ளலாம். பெயருக்கும் எஸ்ஸுக்கும் நடுவே மேலே தொங்குகிற குறிக்கு நான் ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் சொன்னேன். அது யார் வாயிலும் நுழையவில்லை. ஜைத்தூன் அக்கா கொக்கி என்று பெயர் வைத்தார். இருபது வருஷமாக எனக்கும் அது கொக்கிதான்.

முதல் வாரம் ஒருமை மட்டும். ஒரு ஆளுடைய பொருள் என்றால் கொக்கி எஸ்ஸுக்கு முன்னால். அது கைவந்த பிறகு பன்மை. பல பேருடைய பொருள் என்றால் கொக்கி எஸ்ஸைத் தாண்டிப் பின்னால் போய்விடும். பன்மையை அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தேன். பாடத்திட்டம் போடுவதில் அப்போது எனக்குப் பெருமை அதிகம்.

தேவகி முதல் நாள் கொண்டுவந்து வைத்தது ஒரு சீப்பு. ஆண்கள் சட்டைப்பையில் வைக்கிற சின்னக் கறுப்புச் சீப்பு. பக்கத்திலிருந்த பெண் தேவகீஸ் கோம்ப் என்றார். தேவகி தலையசைத்து மறுத்தார்.

"என்துல்ல. எங்க ஊட்டுக்காரருது."

சரி, மை ஹஸ்பண்ட்ஸ் கோம்ப் என்று சொல்லவைத்தேன். சொன்னார். சீப்பைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன். பற்களுக்கு நடுவே எண்ணெய்ப் பிசுக்கு புதுசாக இருந்தது. அன்றைக்குக் காலையில் வாரின மாதிரி. இரண்டு வருஷமாக ஆள் இல்லாத வீட்டுச் சீப்பு அது. என் விரலில் ஒட்டிய எண்ணெயைக் கரும்பலகைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு கைக்குட்டை, இஸ்திரி போட்டு நான்காக மடித்தது. அதற்கு அடுத்த நாள் கைக்கடிகாரம். சாவி கொடுக்கிற ரகம். ஓடிக்கொண்டிருந்தது. நேரமும் சரியாகக் காட்டியது. சிரிக்கவைக்கிற ஜைத்தூன் அக்காகூட அந்தக் கடிகாரம் மேசையில் இருந்தவரை நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாப் பொருளுக்கும் தேவகி ஒரே பதில்தான் சொன்னார். மை ஹஸ்பண்ட்ஸ். பெயரைச் சொல்லமாட்டார்.

இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும். எங்கள் மத்தியான பேட்ச்சில் பாதிப் பேர் அப்படித்தான். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் கார்டை நீட்டிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் கூட வந்தவரைக் கைகாட்டுவார்கள். ஜைத்தூன் அக்கா ஒரு படி மேலே போய், சாக்பீஸை வாங்கிக் கரும்பலகையில் தன் வீட்டுக்காரர் பெயரை எழுதி, கொக்கியும் எஸ்ஸும் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுதினால் ஆயுசு குறையாது என்று யாரோ அவருக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள்.

மற்றவர்களை விட்டுவிட்டேன். தேவகியை மட்டும் விடவில்லை. ஏன் என்று இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெயரை அவர் ஒரு தடவை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால், போனவன் போனவன்தான் என்று அவருக்கே விளங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை தேவகி கொண்டுவந்தது டோக்கன். பட்டறையை விற்கப்போகிறார்களாம். பலகையைக் கழற்றிவிட்டார்கள். வயசான வாட்ச்மேன் ஒருத்தர் அந்த டோக்கனைக் கையால் தொடாமல் காகிதத்தில் தள்ளிச் சுருட்டி, வீடு தேடிவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மேசையில் வைத்தபோது பித்தளை பளபளவென்று இருந்தது. புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். தேய்த்தும் அதிலிருந்து மிஷின் எண்ணெய் வாசனை போகவில்லை.

"ஹூஸ் இஸ் திஸ்?"

"மை ஹஸ்பண்ட்ஸ் டோக்கன்."

"பேரோட சேத்துச் சொல்லுங்க."

தலையைக் குனிந்துகொண்டார். விடுங்க டீச்சரம்மா என்று ஜைத்தூன் அக்கா மெதுவாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறவர் பெயர் இல்லாமல் எப்படி எழுதுவார், யாருடைய வேலை, யாருடைய டோக்கன் என்று கேட்டால் ஊட்டுக்காரருது என்றா எழுதமுடியும் என்று பேசினேன். நியாயமாகத்தான் பேசினேன். நியாயமாகப் பேசுவதில் என்னை மிஞ்ச அப்போது ஆள் கிடையாது. சொல்லாவிட்டால் டோக்கனை எடுத்துக்கொள்ள முடியாது, அதுதான் விளையாட்டு விதி என்றும் சொன்னேன்.

இதைச் சொன்னேன் என்பதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. கணவரிடம்கூட.

தேவகி எழுந்து மேசைக்கு வந்தார். டோக்கனைத் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, திஸ் இஸ் என்று ஆரம்பித்து, பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சாதாரணப் பெயர்தான். ஆனால் யாரையோ எழுப்புகிற மாதிரி, மெல்ல, கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னார். எஸ் வந்ததா என்று எனக்கு நினைவில்லை.

அப்போது படியில் சத்தம் கேட்டது. டங். டங். டங். கனமான கால். பிரின்சிபால் இல்லை, நடுவில் எங்கும் நிற்கவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்தோம். ஒரே சீராக ஏறி, கடைசிப் படிக்கு வந்து நின்றது. வாசலுக்கும் கடைசிப் படிக்கும் நடுவே இரண்டு முழம்கூட இருக்காது. யாரும் உள்ளே வரவில்லை. யாரு என்று ஜைத்தூன் அக்கா குரல் கொடுத்தார். அவரே எழுந்து போய் எட்டிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை வெறும் படி, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இறங்கின சத்தத்தை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கீழ்க்கடை ஆள் யாராவது ஏறி, பொம்பளைகள் வகுப்பு என்று கூச்சப்பட்டுச் சத்தமில்லாமல் இறங்கியிருக்கலாம். அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் படியில் சத்தமில்லாமல் இறங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தேவகி ஒருத்தரால் மட்டும்தான் முடியும். அவர் என் எதிரில் நின்றிருந்தார்.

தேவகி டோக்கனை எடுத்துப் பையில் போட்டார். கடைசி வரிசைக்குப் போனவர், பக்கத்து நாற்காலியில் பையை வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். அன்றைக்கு அதைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பன்மை ஆரம்பிக்கவேண்டும். தேவகி வரவில்லை. ஜைத்தூன் அக்கா வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காராமல் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விற்கிற அந்தப் பட்டறையின் பழைய இரும்பை எடுத்தது அவருடைய வீட்டுக்காரர்தான். கொல்லைப்பக்கம் சுவரோரம் ஒரு பெரிய குவியல். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் லாரி போட்டு அள்ளினார்கள். அடியில் ஒரு பழைய தொட்டி, கழிவு எண்ணெயும் தண்ணீரும் விடுகிற குழி, மேலே மக்கிப்போன பலகை. ஒரு பலகை உடைந்து உள்ளே விழுந்திருந்தது. அது தெரியாமல் இரண்டு வருஷமாக அதன்மேல் இரும்பைக் கொட்டியிருக்கிறார்கள். சுவர் ஏறப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்களாம்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஆளை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று.

"மூணு, மூணேகால் இருக்கும்னாரு. அத்த ஏன் கேக்கற டீச்சரம்மா."

எங்கள் வகுப்பில் டோக்கன் மேசைக்கு வந்தது மூன்று மணிக்கு மேல். அக்காவுக்கும் அது தெரியும். அதனால்தான் கேட்காதே என்றார். ஆளை அடையாளம் காட்டத் தேவகியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காட்டுகிற நிலையில் ஆள் இல்லை. பெல்ட் பக்கிளும், கால்சட்டைப் பையில் இருந்த ஒரு சாவியும்தான். அது தேவகி வீட்டுப் பூட்டின் இரண்டாவது சாவி. போலீஸ்காரர் அதைத் தூக்கிக் காட்டி, யாருதும்மா இது என்று கேட்டிருக்கிறார். தேவகி தயங்காமல் பெயரோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் அக்காவோடு தேவகி வீட்டுக்குப் போனேன். சாவு வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாத வயசு. என்னைத் திட்டுவார், வாசலிலேயே நிற்கவைப்பார் என்று பயந்துகொண்டே போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சுவரோரம் அந்தச் சீப்பும், கைக்குட்டையும், கடிகாரமும், டோக்கனும் வரிசையாக வைத்து ஒரு விளக்கு. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே வந்து, ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ரெண்டு வருசமா சொல்லாம இருந்தேன் டீச்சர். பேர் சொன்னேன், வந்துட்டாரு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஓடிப்போகவில்லை என்பது இனிமேல் தெருவுக்கே தெரியும் என்று வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு எழுத நினைத்த கடிதத்துக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. அதற்கப்புறம் அவர் மாடிக்கு வரவேயில்லை. தேவகி படித்த ஆங்கிலம் ஒருமையோடு நின்றுவிட்டது. நானும் அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். ஆவடியில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். கிடைத்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

ஆள் செத்தது அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு வருஷம் முன்னால். தேவகி பெயர் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லியும் என்ன பிரயோசனம்? எனக்குக் கல்யாணம் ஆகிப் பதினைந்து வருஷம். என் கணவர் திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர் பெயரை ஒரு தடவைகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘ஏங்க’தான். ‘இங்க பாருங்க’தான். செல்போனில்கூட அவர் எண் ‘அவர்’ என்றுதான் இருக்கிறது. ஆபீஸில் என் வயசுப் பெண்கள் எல்லாம் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சிலர் டா போடுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் நான் ஒரு வேடிக்கை. என் மாமியாரோ ஊர் முழுக்கப் பெருமையடிக்கிறார், மெட்ராஸ் மருமகள் என்ன மரியாதை பாருங்கள் என்று. வங்கியில் கணவர் பெயர் கேட்டால் ஆதார் கார்டை நீட்டுகிறேன். ரேஷன் கடையில் நீட்டின அந்தப் பெண்களை நான் என்ன கிண்டல் செய்திருப்பேன்.

மெட்ரோவுக்காக டிரங்க் ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த மாடியை இடித்தார்கள். காயில் கடை, இரும்புப் படி, கரும்பலகை எதுவும் இல்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு சிமென்ட் தூண் நிற்கிறது. பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. பித்தளை டோக்கனை எந்தக் கம்பெனியிலும் காணோம். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது, யார் உள்ளே யார் வெளியே என்று மிஷினே எழுதிக்கொள்கிறது. ஜைத்தூன் அக்கா மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். தேவகி எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கட்டினவன் பெயரைச் சொல்லாத பெண்களும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் கடைசி ஆள் நானாக இருந்தாலும் இருக்கும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு சீப்பை அலமாரியில் திருப்பி வைத்தேன். மகளுக்குக் கோபம் தணிந்து, பக்கத்தில் வந்து நின்றாள். இன்னும் எங்காவது அப்பா பெயரை ஒட்டியிருக்கிறாயா என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்கும்மா. காலைல அப்பா சாப்பாட்டுப் பைல ஒட்டுனேன். அப்பா பாக்கல, எடுத்துட்டுப் போய்ட்டாரு."

வழக்கமாக ஏழரைக்கு வந்துவிடுவார். ஏழே முக்கால் ஆகியிருந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை. மகள் ஹாலில் உட்கார்ந்து, நான் கிழித்துப் போட்டதற்குப் பதிலாக நோட்டில் புதிதாக எழுதி, எழுதினதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே அவர் பெயர். வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் சொல்லிவிட்டாள்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அன்றைக்கு யாரோ படியில் ஏறி வந்தார்கள். கனமான கால், ஒரே சீராக. எங்கள் மாடிக்கு வந்து, கதவுக்கு வெளியே நின்றது. மணி அடிக்கவில்லை. என் கணவரின் நடை எனக்குத் தெரியும். தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். ஆனாலும் கதவின் இந்தப் பக்கம் நின்று, தாழ்ப்பாளைத் தொடாமல், யாரு என்று கேட்டேன்.

பதினைந்து வருஷமாக இப்படித்தான் கேட்கிறேன். அவருக்கு இது கேலிக்குரிய விஷயம். வேண்டுமென்றே பதில் சொல்லாமல் நிற்பார். அன்றும் நின்றார். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு, "நாந்தான்" என்று ஒரு குரல் வருவதற்காகக் காத்திருந்தேன்.